ஹாலில் இருந்த இரண்டு படிகள்

என் சம்சாரத்துக்குக் கண் தெரியாது என்கிற விஷயம், அவள் முப்பது வருடம் நடந்து பழகிய வீட்டின் உள்பக்கத்தை நான் மொத்தமாகப் பெயர்த்துப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். ஆனால் கையில் ஒரு பம்புசெட்டு ஷாஃப்டைக் கொடுத்தால், அளவு கருவி இல்லாமலே தேய்மானம் எவ்வளவு என்று விரலால் தடவிச் சொல்லிவிடுவேன். பெரிய பெரிய மில்லிலிருந்து மேனேஜர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டிக் கேட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் கூடவே இருந்தவளைப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

நான் பிறந்தது கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள். அந்தப் பக்கம் வருகிறவர்கள் நெல்லையும் வாழையையும் பார்த்துவிட்டு எவ்வளவு பச்சை, எவ்வளவு அழகு என்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு வாழைக்கன்றுகூடச் சொந்தமில்லை. தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் போவோம், பின்பக்கமாகத்தான் வருவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்திருக்கிறேன். சுவரில் பெரிய கண்ணாடி, ஒரு மான் கொம்பு, சிவப்புத் தரை. தரை அப்படிப் பளபளவென்று இருக்கும், அதில் மான் கொம்பு தலைகீழாகத் தெரியும். ஒருநாள் நானும் வீடு கட்டுவேன், வருகிறவன் எவனாக இருந்தாலும் கடைசி அறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன் என்று அன்றைக்கே நினைத்தேன். நினைத்ததைச் செய்து காட்டியவன் நான்.

கோயமுத்தூர் வந்து முதலில் இரும்பு உருக்குகிற ஃபவுண்டரியில் மண் சலித்தேன். பிறகு லேத்து. பிறகு பீளமேட்டில் தகரக் கொட்டாய் போட்டு, ஒரே ஒரு பழைய லேத்தோடு சொந்தப் பட்டறை. பம்புசெட்டு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தேன். போத்தனூரில், ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர் மகளைக் கட்டிக்கொண்டேன். மகன் தாமதமாகத்தான் பிறந்தான். அவனுக்கு ஒரு வயதாகும்போது பட்டறைக்குப் பின்வீதியிலேயே வீடு எழுப்பினேன். எவனிடமும் போய் நிற்கவில்லை. வரைபடம்கூட நானே சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் போட்டேன். இஞ்சினியர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்களே எல்லாம் பண்ணிப்போட்டா எங்களுக்கு என்னங்க வேலை?" என்றார்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தரை முழுக்க மொசைக். மூன்றடிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் நடுவில் கண்ணாடிப் பட்டை. பாலிஷ் மிஷின் பதினைந்து நாள் ஓடியது. ஹாலைச் சாப்பாட்டு இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறக்கிப் பள்ள ஹால் வைத்தேன். அந்த வீதியில் பள்ள ஹால் வைத்த முதல் வீடு என்னுடையது, கேட்டுப் பாருங்கள். ஒரு சுவர் முழுக்க சீனரி பேப்பர். பனி மலை, ஏரி, ஏரியில் ஒரு படகு. நான் ஏறிய பெரிய மலை மருதமலைதான், ஆனாலும் காலையில் எழுந்து வந்தால் பனி மலையில் முழிக்கலாம். சன்மைக்கா ஒட்டிய ஷோகேஸ், அதில் தலையாட்டிப் பொம்மை, சிப்பியில் செய்த பிள்ளையார். சமையல்கட்டு வாசலுக்குக் கண்ணாடி மணி கோத்த திரை. மெரூன் ரெக்ஸின் சோபா. டிவிக்கு ஒரு கவர், பிரிட்ஜுக்கு ஒரு கவர், டெலிபோனுக்கும் குஞ்சம் வைத்த கவர். பாத்ரூமில் ரோஸ் கலர் டைல்ஸ்.

தோட்டத்துக்காரர் ஒரு தடவை மோட்டார் விஷயமாக வந்தார். அப்போது அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. செருப்பை வெளியில் விட்டுவிட்டு உள்ளே வந்து ரெக்ஸின் சோபாவில் உட்கார்ந்தார். நான் அவரைப் பாத்ரூம் வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினேன். "நல்லாத்தான் கட்டிப்போட்ட" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

யார் வந்தாலும் முன்னால் நான் போவேன், பின்னால் என் சம்சாரம் வருவாள். நான் சொல்வதற்கெல்லாம், "அதும் அவரே பாத்துப் பாத்துப் போட்டதுங்க" என்பாள். அவள் பங்குக்குப் பேசியது அவ்வளவுதான். பத்திருபது வருடம் போனது. வருகிறவர்கள் வாயைப் பிளப்பது குறைந்தது. பிறகு வருகிறவர்கள் சிரிப்பை அடக்குவதைப் பார்க்க ஆரம்பித்தேன். சன்மைக்கா ஓரம் பிய்ந்தது. பனி மலையில் ஈரம் இறங்கி ஏரி பக்கம் உப்பிக்கொண்டது. மகன் இஞ்சினியரிங் படித்து இங்கேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான், கூட வேலை செய்கிறவர்களை வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்த்துப் பிடித்துவிட்டால், பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். ஆண்கள் ஹாலில் உட்கார்ந்து பேசுவார்கள். பெண்கள் நேராகச் சமையல்கட்டு வரைக்கும் போய், அலமாரி, கிணறு, கொல்லை, மாமியார் முகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். மகனுக்கு முதலில் அமைந்த இடத்திலிருந்து அப்படி வந்தார்கள். பெண்ணின் அத்தை ஒருத்தி, நல்ல வாய்க்காரி. ஹாலுக்குள் வந்ததும் பனி மலை முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்ணா, பக்கத்துல போட்டோ ஸ்டுடியோவும் வெச்சிருக்கறீங்களா? நின்னா ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் குடுப்பீங்களாட்டத் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நாள் கழித்து, ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினோம், சரியில்லை என்கிறார் என்று தகவல் வந்தது. ஜாதகம் இல்லை, என் வீடுதான் சரியில்லை என்று எனக்குப் பட்டது. மகன், "விடுங்கப்பா, அந்த அத்தை வாய்க்கு எந்த ஊடும் தாங்காது" என்று சொல்லிப் பார்த்தான். என் தலைக்குள் ஏறவில்லை. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டை ஒரு பொம்பளை ஸ்டுடியோ என்று சொல்லிவிட்டாள்.

இன்டீரியர் செய்கிற ஒரு பெண்ணைக் கூட்டி வந்தேன். கெட்டிக்காரி, சும்மா சொல்லக்கூடாது. மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, இல்லாத வீட்டை உள்ளே நடந்து போய்ப் பார்க்கிற மாதிரிக் காட்டினாள். எல்லாம் வெள்ளையும் சாம்பலும். "அங்கிள், இந்த ஷோகேஸ், சீனரி, மணி கர்ட்டன் எல்லாமே அவுட்டேட்டட். மொசைக்க எடுத்துட்டுப் பெரிய டைல்ஸ் போடலாம், ஜாயின்ட்டே தெரியாது. சமையல்கட்டுச் சுவரை எடுத்தா ஓப்பன் கிச்சன். இந்தப் பள்ளமான சங்கன் ஹால்தான் ரொம்ப டேஞ்சர். வயசானவங்க இருக்கற ஊட்டுல படியே இருக்கக் கூடாதுங்க. மண்ணு போட்டு ரொப்பி லெவல் பண்ணிரலாம்."

"எல்லாத்தையும் எடு கண்ணு. ஒண்ணு மிச்சம் வெக்காதே" என்றேன்.

சமையல்கட்டிலிருந்து என் சம்சாரம் வந்தாள். மணித்திரை சலசலத்தது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "ஏனுங்க, இருக்கறது இருந்துட்டுப் போகட்டுமுங்களே. சுண்ணாம்பு அடிச்சாப் போதுமுங்க."

"உனக்கு என்ன தெரியும் புள்ள? பையனுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?"

"சரீங்க. அந்த ரண்டு படி மட்டும் இருக்கட்டுங்க."

"படி என்னத்துக்கு உனக்கு? படியோட பேசிட்டா இருக்கறே?"

"பழக்கமுங்க" என்றாள்.

நானும் அந்தப் பெண்ணும் சிரித்தோம். முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை கேட்டது அன்றைக்குத்தான். அதை நான் கவனித்திருக்க வேண்டும். ஷாஃப்டில் மயிரிழை வித்தியாசம் தெரிகிறவனுக்கு இது தெரியவில்லை.

வேலை நடந்த மூன்று மாதமும் அடுத்த வீதியில் வாடகை வீட்டில் இருந்தோம். அங்கே அவள் எதிலாவது இடித்துக்கொண்டே இருந்தாள். கதவு, கட்டில் கால், தண்ணீர்க் குடம். முழங்கையெல்லாம் கன்றிப் போயிருந்தது. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்றேன். சமையலைக் குறைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டை இடித்ததால் என்மேல் கோபம் என்று நினைத்தேன். நான் தினமும் வேலை நடக்கிற இடத்துக்குப் போய் நின்று, மொசைக்கை உடைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல தரை அது. லேசில் உடையவில்லை. அதிலும் எனக்கு ஒரு பெருமை.

பால் காய்ச்சிக் குடி வந்த அன்று வாசலில் அவளை நிறுத்தி, "எப்படி இருக்குது?" என்றேன்.

அவள் தலையைத் தூக்கி மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். "நல்ல வெளிச்சமா இருக்குதுங்க" என்றாள். அவளால் உண்மையாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றைத்தான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து நாளில் அடுத்த பெண் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். காலை பதினோரு மணி, வெயில் நன்றாக இருந்தது. ஆனாலும் எல்லா விளக்கையும் போடச் சொன்னேன். கூரையில் பதித்த விளக்குகள் மட்டும் நாற்பதுக்கு மேல். தரையில் அத்தனையும் பிரதிபலித்தது. வந்தவர்கள் உட்காரும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன், எந்த டைல்ஸ், எந்த ஊரிலிருந்து வந்தது, இழுப்பறைக்குக் கைப்பிடியே கிடையாது, தொட்டால் திறக்கும் என்று. பெண்ணின் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி கொண்டா புள்ள" என்று நான்தான் குரல் கொடுத்தேன்.

அவள் தட்டில் ஆறு டம்ளர் வைத்துக்கொண்டு வந்தாள். முன்பு படி இருந்த இடத்துக்கு வந்ததும் வலது காலைக் கீழே இறக்கினாள். இறங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தரை முன்பாகவே வந்து காலில் முட்டியது. முழங்கால் மடங்கி, தட்டோடு விழுந்தாள். டம்ளர்கள் உருண்டு ஓடின. விழுந்தது பெரிதில்லை, யார் வேண்டுமானாலும் விழலாம். விழுந்தவள் எழுந்திருக்காமல், உருண்ட டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒரு டம்ளர் அவள் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், நாற்பது விளக்கும் மேலே பட்டு மின்னிக்கொண்டு கிடந்தது. அவள் கை அதைத் தாண்டித் தாண்டி ஈரத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

பெண்ணின் அம்மாதான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்ணா, அக்காவுக்குக் கண்ணு தெரியாம எத்தன நாளாச்சுங்க?"

"யாருக்குங்க? என்ற சம்சாரத்துக்கா?" எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நல்லாச் சொன்னீங்க! கண்ணாடியே போடாதவளுங்க அவ. இன்னும் ஊசிக்கு அவளே நூல் கோப்பா."

அந்த அம்மா அவள் தோளில் கை வைத்தார். நான் என் சம்சாரத்தைப் பார்த்தேன். அவள் டம்ளரைப் பிடித்தபடி, என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "தண்ணி கொட்டிருச்சுங்க. எல்லாரும் பாத்து வாங்க, வழுக்கும்" என்றாள். முகம் என் பக்கம் இருந்தது. கண் எனக்கு இரண்டடி தள்ளி அக்கட்டால பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பு செத்துவிட்டது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்து இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, போனது திரும்பாது என்றார். நான்கைந்து வருடமாக நடந்திருக்கும், வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று கேட்டார். மகன் வெளியே போய் நின்றுகொண்டான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏம்புள்ள என்ற கிட்டச் சொல்லலே?"

"என்னத்தச் சொல்றதுங்க? நான் பாட்டுக்கு நடந்துட்டுத்தானுங்களே இருந்தேன்."

எப்படி நடந்தாள் என்று சொன்னாள். கட்டிலிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் பதினொரு கண்ணாடிப் பட்டை. முப்பது வருடத் தேய்மானத்தில் மொசைக் தேய்ந்து, பட்டை மட்டும் நூலளவு துருத்திக்கொண்டிருந்தது, பெருவிரலுக்கு அது தெரியும். ஷோகேஸில் சன்மைக்கா பிய்ந்த ஓரம் கையில் பட்டால் அங்கே திரும்ப வேண்டும். காற்றில் மணித்திரை எந்தப் பக்கம் சலசலக்கிறதோ அந்தப் பக்கம் அடுப்பு. பள்ள ஹாலின் படி வந்தால், கீழே ஆட்கள் இருப்பார்கள், முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். நான் எதை எதைப் பார்த்து வெட்கப்பட்டேனோ அதையெல்லாம் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றிருக்கிறாள். ஊசியில் நூல் கோத்தது நான் பார்த்து எத்தனை வருடம் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"ரிப்பேர் பண்றதுக்கு முன்னாலயாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க வாறவங்களுக்கெல்லாம் ஆசையா ஊட்டக் காட்டுவீங்க. பின்னால கண்ணு தெரியாதவ ஒருத்தி தடவிட்டு வந்தா நல்லாவா இருக்கும்னு நெனச்சேனுங்க."



அடுத்த நாளே அந்த இன்டீரியர் பெண்ணுக்குப் போன் செய்து, டைல்ஸையெல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி மொசைக் போட வேண்டும், ஹாலைத் தோண்ட வேண்டும், சுவரைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்றேன். எதையும் பழையபடி ஆக்கத் தெரிந்தவன் நான், ஒடிந்த ஷாஃப்டைப் பற்ற வைத்துப் புதுசு போல ஓட விட்டவன். மகன் சரி என்றான். என் சம்சாரம்தான் மாட்டேன் என்றாள்.

"அது தேஞ்ச தரைங்க. புதுசாப் போட்டாத் தேயறதுக்கு இன்னொரு முப்பது வருசம் வேணுமுங்க. அவ்வளவு நாளைக்கு நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீங்க." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "மறுக்கா ஒரு வாடகை ஊடு என்னால ஆகாதுங்க."

சம்பந்தம் கூடிவிட்டது. வீட்டைப் பார்த்துச் சம்மதித்தார்களா, அவளைப் பார்த்துச் சம்மதித்தார்களா என்று நான் கேட்கவில்லை. கல்யாணம் தையில். பெண்ணின் அம்மா வாரம் ஒரு தடவை போன் செய்து அவளோடுதான் பேசுகிறார். சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறோம். பாத்ரூமுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். போகும்போதெல்லாம், "உங்களுக்குச் செரமமுங்க" என்கிறாள். முதலில் எரிச்சல் பட்டுப் பதில் சொன்னேன், இப்போது சொல்வதில்லை.

போன வாரம் பட்டறையிலிருந்து மதியம் சீக்கிரம் வந்தேன். அவள் புதுச் சோபாவில் ஓரமாக, இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் விட்டுப்போன அதே இடம்.

"கால் மரத்துப் போகாதா புள்ள? சித்தெ கீழ எறக்கி வெய்யி."

"கீழ வெச்சா எங்கே இருக்கறேன்னு தெரியறதில்லீங்க. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழவழன்னு இருக்குது. மேல வெச்சிருந்தா, சோபாவுல இருக்கறேன்னாவது தெரியுது."

நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். நாலு எட்டு வைத்தேன். அவள் சொன்னது சரிதான். ஒரு ஜாயின்ட்கூடக் காலுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில், ஆறடிக்கு மூன்றடி, நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய டைல்ஸ். கண்ணைத் திறந்தபோது சுவருக்குப் போகிறேன் என்று நினைத்தவன் வாசலுக்கு எதிரில் நின்றிருந்தேன்.

"ஏனுங்க, எங்கீங்க போயிட்டீங்க?" என்றாள்.

"இங்கதான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையை நீட்டி என் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். சமையல்காரம்மா சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் நான் அசையவில்லை.